விளக்கெண்ணெய்க்கு ஒரு வக்காலத்து

நடுவர் ஐயாவுக்கும், ரெண்டு அணியிலும் இருக்கிற பேச்சாளர்களுக்கும், நோம்பிக்கு வந்த ஒறம்பரையையும் கூட்டிக்கிட்டு வந்து உட்கார்ந்திருக்கிற ஊர்ப் பெரியவங்களுக்கும் வணக்கமுங்க.

கதையைத் தூக்கி நிறுத்துறது நாயகனா, கூட நின்றவனா? இதுதான் தலைப்பு. கூட நின்றவன்னு பேச வந்திருக்கேன். எனக்கு முன்னால பேசின எதிரணித் தம்பி நல்லாத்தான் பேசினாரு. "கல்யாணப் பத்திரிகையில மாப்பிள்ளை பேருதான் கொட்டை எழுத்துல இருக்கும், பந்தல்காரர் பேரா இருக்கும்?"னு கேட்டாரு, நீங்களும் கை தட்டுனீங்க. அதோட விட்டாரா? "துணைப் பாத்திரம் ஒண்ணு பேரு சொல்லுங்க, இந்தக் கூட்டத்துல பத்துப் பேருக்குத் தெரியுதான்னு பார்ப்போம்"னு சவாலும் விட்டுட்டுப் போனாரு.

சொல்றேனுங்க. கேஸ்டர் ஆயில்.

பாருங்க, ஒரு கை எந்திரிக்கல. சரி, பாப்பாய் தெரியுமா? கீரை தின்னுட்டுச் சண்டை போடுற மாலுமி? அடேயப்பா, முன்வரிசைப் பொடுசுக அத்தனையும் கை தூக்கிருச்சு. அந்தப் பாப்பாய்க்கு வேலை போட்டுக் கொடுத்த முதலாளிதானுங்க இந்தக் கேஸ்டர் ஆயில். தமிழ்ல சொன்னா விளக்கெண்ணெய். சிரிக்காதீங்க, நெசமாவே அதுதான் அந்த ஆளு பேரு.

அமெரிக்காவுல சீகர்னு ஒரு ஓவியர். 1919 டிசம்பர் 19 அன்னிக்கு நியூயார்க் பத்திரிகை ஒண்ணுல 'திம்பிள் தியேட்டர்'னு ஒரு படக்கதைத் தொடர் ஆரம்பிச்சாரு. பாப்பாயோட காதலி ஆலிவ் இருக்குதே, அந்தப் பொண்ணு ஆரம்பத்துலயே உண்டு. முழுப் பேரு ஆலிவ் ஆயில், அதாவது ஆலிவ் எண்ணெய். அவளோட அண்ணன்தான் நம்ம விளக்கெண்ணெய், 1920-லயே வந்துட்டான். அப்பன் பேரு கோல் ஆயில், அதாவது மண்ணெண்ணெய். காங்கேயத்துல ஆயில் மில் வச்சிருக்கிறவங்க குடும்பத்துலகூட இப்படி வரிசையாப் பேரு வெச்சிருக்க மாட்டாங்க.

அந்தத் தொடரைக் கண்ணுல வெளக்கெண்ணெய் ஊத்திக்கிட்டுத் தேடினாலும், முதல் ஒன்பது வருசத்துல பாப்பாயைப் பார்க்க முடியாது. அத்தனை வருசமும் வண்டியை இழுத்தவங்கள்ல முக்கியமானவன் கேஸ்டர். குள்ளன், கோபக்காரன், நாளைக்கே லட்சாதிபதி ஆயிரலாம்னு தினமும் ஒரு திட்டம் போடுறவன். நம்மூர்ல ஈமு கோழி வளர்த்தா வீட்டுல பணம் கொட்டும்னு நம்பினோமே, அந்த மாதிரி ஆசாமி. கோழின்னதும் ஞாபகம் வருது, கதையே கோழியிலதான் இருக்குதுங்க.

கேஸ்டருக்கு ஒரு அங்கிள். பெரியப்பனா சித்தப்பனான்னு தெரியலைங்க, இங்கிலீஷ்காரனுக்கு எல்லாம் அங்கிள்தான். அவரு பேரு லூப்ரி கென்ட் ஆயில். லூப்ரிகன்ட்! வைக்கோல் கரியில வெளக்கெண்ணெயைக் குழைச்சு மாட்டுவண்டி அச்சுக்குப் போடுவமே மசை, அந்த வகையறா. அவரு ஆப்பிரிக்காவுல இருந்து ஒரு கோழியைக் கொண்டாந்து கேஸ்டர் கையில கொடுக்கிறாரு. விஃபிள் கோழின்னு ஒரு அதிசயச் சாதி, பேரு பெர்னிஸ். இவன் அதைக் கொன்னுரலாம்னு பார்க்கிறான், முடியல. நம்ம ஊரா இருந்தா ஞாயித்துக்கிழமைக்கே வட்டல்ல ஏறியிருக்கும். அப்பறம்தான் தெரியுது, அதோட தலையைத் தடவுனா அதிர்ஷ்டம் வரும்னு. விடுவானா விளக்கெண்ணெய்? கடலுக்கு நடுவுல டைஸ் ஐலண்டுன்னு ஒரு சூதாட்டத் தீவு. கோழித் தலையைத் தடவித் தடவி அங்கிருக்கிற பணத்தை அள்ளிரலாம்னு கணக்குப் போட்டு ஒரு கப்பலையே வாங்கிட்டான். கப்பல் ஓட்ட ஆள் வேணுமே?

1929 ஜனவரி 17. துறைமுகத்துல ஒத்தைக் கண்ணன் ஒருத்தன் நிக்கிறான், முழங்கையில நங்கூரம் பச்சை குத்தியிருக்குது. கேஸ்டர் கேட்கிறான்: "ஏப்பா, நீ மாலுமியா?" அவன் திருப்பிக் கேட்கிறான்: "பின்ன, என்னைப் பார்த்தா மாடு மேய்க்கிறவனாட்டமா தெரியுது?" அதுதானுங்க உலகம் பூரா கொண்டாடுற பாப்பாய் பேசின முதல் வசனம். அந்த இடத்துல அவன் கூலிக்கு வந்த ஆளு, கூலி கொடுக்கிறவன் கேஸ்டர். அந்தக் கேள்வியை இவன் கேட்காம அடுத்த ஆளுகிட்டப் போயிருந்தா, பாப்பாய் இன்னும் அந்தத் துறைமுகத்துலயேதான் நின்னுக்கிட்டு இருந்திருப்பாரு.

இன்னொண்ணு கேளுங்க. திரும்பி வர்றப்ப கப்பல்ல ஒருத்தன் பாப்பாயைச் சுட்டுத் தள்ளிடறான், ஒரு குண்டு ரெண்டு குண்டு இல்ல. கீரை தின்னு பிழைச்சாரான்னா, இல்லை. கீரையெல்லாம் பின்னால வந்த சமாச்சாரம். பிழைச்சது கோழித் தலையைத் தடவி! கோழி யார் வீட்டுக் கோழி?

நடுவர் ஐயா, இதைக் குறிச்சுக்கணும். நாயகன் உசுரே துணைவன் வீட்டுக் கோழியில இருந்துதான் வந்திருக்குது.

எதிரணி எந்திரிச்சு, "கதை முடிஞ்சு பாப்பாயை அனுப்பின பொறவு, வாசகர்கள் அவனைத்தானே திரும்பக் கேட்டாங்க?"ன்னு சொல்லும். ஆமாங்க, கேட்டாங்க, நான் மறைக்கல. பாப்பாய் திரும்பி வந்தான். ஆலிவுக்குப் பத்து வருசமாக் காதலனா இருந்த ஹாம் கிரேவியை ஓரங்கட்டிட்டுத் தானே காதலன் ஆயிட்டான். (அந்தக் கிரேவிக்காகப் பேச எனக்கு நேரமில்லை, போகட்டும்.) தொடர் பேருலயும் பாப்பாய் ஏறிக்கிட்டான். 1933-ல அவனைச் சினிமாக்காரங்க கார்ட்டூன் படமா எடுத்தாங்க. ஆலிவைக் கூட்டிக்கிட்டாங்க, அண்ணனை வாசல்லயே விட்டுட்டாங்க. நாமெல்லாம் டிவியில பார்த்தது அந்தக் கார்ட்டூனைத்தானே. அதனாலதான் இங்க ஒரு கை எந்திரிக்கல. கேஸ்டர் தொடர்ல கொஞ்ச காலம் துப்பறிவாளரா இருந்தான், அப்பறம் மேற்கே ஒரு பண்ணையை வாங்கிட்டுப் போயிட்டான்.

2025 ஜனவரி 1-ல அமெரிக்கச் சட்டப்படி 1929-ம் வருசப் பாப்பாய் காப்புரிமை தீர்ந்து பொதுச்சொத்து ஆனதுன்னு அங்க ஒரே பேச்சு. 1920-ம் வருசக் கேஸ்டர் அதுக்கு வெகுநாள் முன்னாலயே பொதுச்சொத்து ஆயிட்டான். கேட்பாரில்லை. நடுத்தெருவுல போட்டு வெச்சும் எடுத்துட்டுப் போக ஆளில்லாத சொத்து.

எங்க அமுச்சி, அம்மாவைப் பெத்தவங்க, கொட்டமுத்து எண்ணெய் காய்ச்சுவாங்க, அதான் வெளக்கெண்ணெய். மஞ்சக்காட்டு ஓரத்துல நிக்கிற ஆமணக்குல பறிச்சதை வறுத்து, உரல்ல இடிச்சு, பெரிய போசியில தண்ணி கொதிக்கிறப்ப போட்டுருவாங்க. எண்ணெய் மேல மிதந்து வரும். அதை அகப்பையில வழிச்சு வழிச்சு இன்னொரு போசிக்கு மாத்தி மறுபடியும் அடுப்புல வெப்பாங்க. சடசடன்னு சத்தம் கேட்டுக்கிட்டே இருக்கும். தண்ணி சுண்டிச் சத்தம் அடங்கினாத்தான் இறக்குவாங்க. வீடு பூரா ஒரு வாடை, நாங்க மூக்கைப் பிடிச்சுக்கிட்டு வாசலுக்கு ஓடுவோம். அந்த எண்ணெயில ஒரு சொட்டைத்தான் துவரம்பருப்பு வேகறப்ப விடுவாங்க. சாப்பிட்டவங்க எல்லாம் "பருப்பு வெண்ணெயாட்டம் வெந்திருக்குது"ன்னாங்க. விளக்கெண்ணெய் நல்லாயிருக்குதுன்னு இந்தச் சீமையில ஒரு நாக்கும் சொன்னதில்லை. திட்டறதுக்கு மட்டும் "போடா வெளக்கெண்ணெய்!"

ஆனா நம்ம சனம் கூட நின்றவனை எப்பவும் மறந்த சனம் இல்லீங்க. அண்ணமார் கோயிலுக்குப் போங்க. பொன்னர் சங்கர் இருக்கிற இடத்துல, அவங்க கூடவே நின்ன சாம்புவனுக்கும் சிலை இருக்கும். விடிய விடிய உடுக்கை அடிச்சுக் கதை பாடுறப்ப சாம்புவன் வந்தாத்தான் கூட்டம் நிமிர்ந்து உட்காரும். அமெரிக்காக்காரனும் ரொம்ப லேட்டா முழிச்சுக்கிட்டான். சீகர் பொறந்த செஸ்டர்ங்கிற ஊர்ல கேஸ்டருக்கும் அந்தக் கோழிக்கும் ஒரு சிலை வெச்சிருக்காங்க.

மணி அடிச்சுட்டாங்க, அரை நிமிசம் கொடுங்க. தம்பி கல்யாணப் பத்திரிகை காட்டினாரு, நான் கல்யாணத்தையே காட்டுறேன். ஆலிவோட அண்ணன்னா பாப்பாய்க்கு என்ன முறை? மச்சான். நம்ம கொங்குக் கல்யாணத்துல கைகோர்வைச் சீர்னு ஒண்ணு இருக்குது. மாப்பிள்ளையும் மச்சினனும் எதிரெதிரே உட்கார்ந்து கையைக் கோர்த்துக்கணும். மாப்பிள்ளை எவ்வளவு பெரிய பலசாலியா இருந்தாலும், எத்தனை டப்பா கீரையைத் தின்னுட்டு வந்தாலும், தன் கையைத் தானே கோர்த்துக்க முடியாது.

சீரை நடத்தி வைக்கிற அருமைக்காரர் காத்துக்கிட்டு இருக்காருங்க. அந்தப் பண்ணையில போயி மச்சினனைக் கூட்டிக்கிட்டு வாங்க, சீர் நிக்குது.