எருமைக்கு உப்பு கொடுத்தவர்கள்

(கோத்தகிரிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றின் சமுதாயக் கூடத்தில் பேசியது)

பெரியவர்களுக்கும் தாய்மார்களுக்கும் வணக்கம். கொழுந்து எடை போட்ட கையோடு வந்திருக்கிறீர்கள். வளர்த்த மாட்டேன்.

'உப்பு அட்டுவ' பண்டிகையைப் பற்றி, படகர்களாகிய உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மாடு, எருமைகளுக்கு உப்புநீர் காட்டும் நாள். தோடர்களும் அதை ஒரு சடங்காகவே வைத்திருக்கிறார்கள். உப்புக்கு எதற்குச் சடங்கு? புல்லில் பொட்டாசியம் ஏராளம்; சோடியம் சொற்பம். கடலை விட்டு விலகி, மழையில் கழுவுண்டுகொண்டே இருக்கும் மலை மண்ணில் இன்னும் சொற்பம். மேய்த்தவர்களுக்கு அது தெரிந்திருந்தது.

1968இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் தங்கள் நாட்டுப் பனிமலையில் திரியும் முயல்களைப் பற்றி எழுதினார்கள். அவற்றின் சிறுநீரில் சோடியம் இல்லை என்றே சொல்லலாம். இரத்தத்தில் அல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோன் மிகுந்திருந்தது. அதைச் சுரக்கும் அட்ரினல் சுரப்பியின் பகுதியே பருத்திருந்தது. கொடுக்க யாரும் இல்லாததால், இருந்த உப்பை அவை இறுகப் பிடித்துக்கொண்டன.

நமக்குள்ளும் அதே ஹார்மோன்தான். நம் சிறுநீரகங்கள் நாளொன்றுக்கு ஏறக்குறைய 180 லிட்டர் நீரை வடிகட்டுகின்றன. அதோடு இறங்கும் உப்பு ஒன்றரைக் கிலோ! அப்படியே வெளியேறினால் மதியச் சோற்றுக்கு நாம் இருக்க மாட்டோம். நூற்றில் 99 பங்குக்கு மேல் திரும்ப இரத்தத்துக்கே வந்துவிடுகிறது. பெரும்பங்கு யாரையும் கேட்காமல் நடக்கிற வேலை. கடைசிச் சில பங்கில்தான் பேரம். அங்கே அல்டோஸ்டிரோன் சோடியத்தை உள்ளே இழுத்து, பொட்டாசியத்தை வெளியே தள்ளுகிறது.

அட்ரினலுக்கு ஆள் அனுப்புவதும் சிறுநீரகமே. இரத்த அழுத்தம் தணிந்தால் அது ரெனினை விடுகிறது. ஸ்டாக்ஹோமில் 1898இலேயே கண்டுபிடித்த பொருள் அது. பறித்த கொழுந்து நேரே டீத்தூள் ஆகிறதா? வாட வேண்டும், வெட்டுப்பட வேண்டும். இதுவும் அப்படித்தான். கல்லீரல் செய்து வைத்த ஒரு புரதத்தை ரெனின் ஒரு முறை வெட்டும்; முக்கியமாக நுரையீரலில் இன்னொரு வெட்டு. அப்போது பிறக்கும் ஆஞ்சியோடென்சின்தான் அட்ரினலைத் தட்டி எழுப்புகிறது.

சரி, எல்லோரும் கேட்க நினைத்து, கூச்சத்தால் கேட்காத கேள்விக்கு வருகிறேன். குளிர் நாளில் ஏன் இத்தனை முறை எழுந்து போக வேண்டியிருக்கிறது? வியர்வை இல்லை என்பீர்கள். அது பாதிக் காரணம். குளிரில் தோலின் இரத்த நாளங்கள் சுருங்குகின்றன. இரத்தம் நெஞ்சுப் பக்கம் ஒதுங்குகிறது. இதயமோ உடம்பில் நீர் கூடிவிட்டதாகக் கணக்குப் போடுகிறது. நீரைத் திரும்ப உறிஞ்சச் சொல்லும் வாசோபிரெசின், மூளையடியில் உள்ள பிட்யூட்டரியிலிருந்து வருவது, குறைந்துவிடுகிறது. இதயத்தின் மேலறைகளும் உப்பையும் நீரையும் கழிக்கச் சொல்லும் தங்கள் ஹார்மோனை விடுகின்றன. 1981இல் கனடாவில் டி போல்ட் என்பவரும் உடனிருந்தவர்களும் எலி இதய மேலறையின் சாற்றை வேறு எலிகளுக்குச் செலுத்தினார்கள். உப்பும் நீரும் கொட்டின. இதயத்தை வெறும் பம்ப் என்று படித்த என் போன்றவர்களுக்கு அது ஒரு அடி.

உண்மையில் நீர் கூடவில்லை, இடம்தான் மாறியது. கணக்குப் பிசகியதால் நீரை இழக்கிறோம். குளிரில் தாகமும் மந்தம். நாள் முழுக்கக் காட்டில் நிற்பவர்கள் தாகத்துக்குக் காத்திராமல் குடிக்க வேண்டும்.

இப்போது உப்பு மூட்டையாக மலையேறி வருகிறது. ஊறுகாய், மிக்சர், அப்பளம். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு நாளுக்கு 5 கிராமுக்கும் குறைவு, அதாவது ஒரு தேக்கரண்டிக்கும் சற்றுக் குறைவு. அதனால் சிலர் 'சோடியம் குறைந்த உப்பு' வாங்குகிறீர்கள். நல்லதுதான். ஆனால் அதில் சோடியத்துக்குப் பதில் இருப்பது பெரும்பாலும் பொட்டாசியம். இதயத்துக்கோ அழுத்தத்துக்கோ ஸ்பைரோனோலாக்டோன் மாத்திரை சாப்பிடுபவர்கள் இங்கே இருக்கலாம். அது அல்டோஸ்டிரோனைத் தடுக்கும் மருந்து. பொட்டாசியம் வெளியேறும் வழி ஏற்கெனவே அடைபட்டிருக்கும். மிஞ்சினால் இதயத் துடிப்பே தடுமாறும். மாத்திரை அட்டையைக் கொண்டுவந்திருந்தால், கூட்டம் முடிந்ததும் என்னிடம் காட்டிவிட்டுப் போங்கள்.