கோபமா, பரிதாபமா? பரிதாபமே!

நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம்.

2016-ல் ஈஎஸ்பிஎன் தொலைக்காட்சி 'டாக் அண்ட் டாரில்' என்றோர் ஆவணப்படம் ஒளிபரப்பியது. நியூயார்க் மெட்ஸ் பேஸ்பால் அணியின் பிட்சர், அதாவது பந்து வீசுபவர், டுவைட் குடனும் சக வீரர் டாரில் ஸ்ட்ராபெர்ரியும் போதையில் விழுந்த கதை. குடனைப் பார்த்து ரசிகனுக்கு வர வேண்டியது பரிதாபம் என்பது எங்கள் கட்சி.

எதிரணித் தோழர் ஒன்று கேட்டார், நீங்களும் கைதட்டினீர்கள். "1986-ல் மெட்ஸ் அமெரிக்க பேஸ்பாலின் இறுதிப் போட்டியான உலகத் தொடரை ஜெயித்து, ஊரே வெற்றி ஊர்வலத்துக்குத் திரண்டு நிற்கிறது. குடன் எங்கே? போதை விற்கிற இடத்தில் உட்கார்ந்து ஊர்வலத்தை டிவியில் பார்க்கிறார். அவருக்கா பரிதாபம்?"

நடந்தது உண்மை. குடனே சொன்னது. யாரும் அவர் கையில் திணிக்கவில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தோழரே, அந்த டிவி முன்னால் உட்கார்ந்திருந்தவருக்கு வயசு என்ன? இருபத்தொன்று!

அதற்குள் அந்தக் கை எவ்வளவு உழைத்திருந்தது தெரியுமா? ஓர் ஆட்டத்துக்கு ஒன்பது சுற்று, ஒவ்வொன்றும் ஒரு இன்னிங்ஸ்; அடிக்க வந்தவரைப் பந்தாலேயே ஏமாற்றி வெளியேற்றுவது ஸ்ட்ரைக்அவுட். 1983, மைனர் லீக் என்ற கீழ்நிலைப் போட்டி: 191 இன்னிங்ஸ், 300 ஸ்ட்ரைக்அவுட். 1984, மெட்ஸ்: 218 இன்னிங்ஸ், 276 ஸ்ட்ரைக்அவுட். 1985: 276⅔ இன்னிங்ஸ், 24 வெற்றி, 4 தோல்வி, 16 ஆட்டங்களை முதல் பந்திலிருந்து கடைசிப் பந்து வரை அவரே முடித்தார். மூன்றே பருவத்தில் 685 இன்னிங்ஸ்! பந்து விரலை விட்டுப் போய்விடும், கை நிற்காது. அந்த வேகத்தை இழுத்துப் பிடிப்பது தோள்மூட்டைச் சுற்றியுள்ள நான்கு சின்னத் தசைகள். களைத்த பிறகும் வீசினால் கொஞ்சம் கொஞ்சமாகக் கிழியும். 1991-ல் குடனுக்கு அறுவை சிகிச்சை நடந்தது அங்கேதான். அந்தப் பிள்ளையை அப்படி வீச வைத்தது யார்? எழுந்து நின்று இன்னும் இன்னும் என்று கேட்டது யார்?

கணக்கு போதும். 1996 மே 14-க்கு வாருங்கள். போதைப் பழக்கத்துக்காக விதித்த தடையால் 1995 முழுக்க ஆடாதவர், இப்போது நியூயார்க்கின் இன்னொரு அணியான யாங்கீஸில். மறுநாள் டாம்பாவில் அப்பா டேனுக்கு இதய அறுவை சிகிச்சை. பந்து பிடிக்கக் கற்றுக்கொடுத்த அப்பா. மகன் களத்தில் நிற்கிறார். எட்டு இன்னிங்ஸ், சியாட்டில் அணிக்கு ஒரு ஹிட்கூட, அதாவது பந்தை அடித்து ஓடி பேஸைச் சேர்வதுகூட, இல்லை! ஒன்பதாவது. ஸ்கோர் 2-0. அலெக்ஸ் ரோட்ரிகஸுக்கு நாலு பந்து வெளியே, அடிக்காமலேயே ஓட்டத்தின் முதல் நிறுத்தமான முதல் பேஸ் இலவசம். எட்கர் மார்ட்டினெஸுக்கும் அதே. அடுத்து ஒரு பந்து கேட்சரையும் தாண்டி ஓடுகிறது. இரண்டாவது பேஸில் ஒருவர், மூன்றாவதில் ஒருவர். ஒரே ஒரு ஹிட், ஆட்டம் சமம்! கை ஓய்ந்துவிட்டது, அப்பா ஆஸ்பத்திரியில். ஜே பூனர் வருகிறார், ஸ்ட்ரைக்அவுட். பால் சொரென்டோ வருகிறார். அன்றைக்கு 134-ஆவது பந்து. மட்டையில் பட்டு மேலே எழும்புகிறது... சக வீரர் ஜீட்டர் கையில் விழுகிறது. ஒரு ஹிட்கூடத் தராத ஆட்டம், நோ-ஹிட்டர்!

தோழரே, ஊர்வலத்தில் இல்லை என்றீர்களே, அன்றைக்கு அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார்களய்யா! அடுத்த ஜனவரியில் அந்த அப்பா இறந்துபோனார்.

2024 ஏப்ரல் 14. அவருடைய 16-ஆம் எண்ணை இனி யாருக்கும் தருவதில்லை என்று மெட்ஸ் தன் மைதானத்தில் உயரே ஏற்றி வைத்தது. கீழே 59 வயது குடன். 1986-ல் அவரை ஊர்வலத்தில் தேடிய அதே ஊர் அன்று அவருக்குக் கைதட்டியது. அந்தக் கைதட்டலில் கோபம் இருந்ததா, நடுவர் அவர்களே? வணக்கம்.