பக்கத்தில் உட்கார்ந்து கற்றது

வணக்கம் நேயர்களே.

டக் பிடித்த பாவாடை கட்டி வளர்ந்தவர்கள் யாராவது இதைக் கேட்டுக்கொண்டிருந்தால், உங்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். வளரும் பிள்ளைக்குப் பாவாடை தைக்கும்போது துணியைத் தேவைக்கு மேல் ஒரு சாண் நீளமாகவே எடுத்து, கீழ்க்கரைக்கு மேலே இரண்டு மூன்று மடிப்பாக மடித்துத் தைத்துவிடுவார்கள். அதுதான் டக். பிள்ளை வளர வளர ஒவ்வொரு மடிப்பாகப் பிரித்துவிட்டால் பாவாடை இறங்கிக்கொடுக்கும். பிரித்த இடத்தில் மட்டும் துணி வெளுக்காமல், புதுசு மாதிரி, ஒரு பட்டையாகத் தெரியும். வகுப்பில் பார்த்தவுடனே, "டக் பிரிச்சாச்சா?" என்று கேட்டுவிடுவார்கள்.

அந்த டக்கைத் தைத்த அம்மாவோ ஆச்சியோ பெரும்பாலும் எந்தத் தையல் பள்ளிக்கும் போனவர்கள் இல்லை. அதில் உள்ள கணக்கை யோசித்துப் பாருங்கள். அடுத்த தீபாவளிக்குள் பிள்ளை எவ்வளவு வளரும், இரண்டு முறை துவைத்தால் இந்தச் சீட்டித் துணி எவ்வளவு சுருங்கும், என்றாவது பிரிக்கப்போகிற தையல் என்பதால் எவ்வளவு இடைவெளி விட்டுப் போட்டால் துணி சேதமாகாமல் பிரிக்க வரும், அதே சமயம் பிள்ளை ஓடும்போது கால் மாட்டிப் பிய்ந்துபோகாமலும் இருக்கும். இத்தனையும் கையில் இருந்தது. யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டால், "யாரு சொல்லிக்கொடுத்தா, பாத்துக்கிட்டதுதான்" என்பார்கள். அந்தப் பார்த்துக்கொண்டதைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன். அரசுப் பள்ளியில் தையல் ஆசிரியையாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். வகுப்பில் கற்பதும் வீட்டில் கற்பதும் எங்கே வேறுபடுகிறது என்பது என் மனதில் வெகுகாலமாக ஓடிக்கொண்டிருக்கிற விஷயம்.

முதலில் உட்காரும் இடம். வகுப்பில் டீச்சர் எதிரே நிற்கிறார். அவர் வலது கை பிள்ளைக்கு இடது பக்கம் தெரிகிறது. ஊசி எந்தப் பக்கம் நுழைந்து எந்தப் பக்கம் வெளிவருகிறது என்பதைப் பிள்ளை மனதுக்குள் திருப்பிப்போட்டுத்தான் புரிந்துகொள்ள வேண்டும். வீட்டில் அப்படி இல்லை. ஆச்சி திண்ணையில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்து ஜாக்கெட்டுக்கு எம்மிங், அதாவது ஓரம் மடித்துத் தைக்கிற தையல், போடுகிறாள், பேத்தி பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்திருக்கிறாள். இரண்டு பேரும் ஒரே திசையைப் பார்க்கிறார்கள். ஆச்சியின் கை எந்தப் பக்கமோ அதே பக்கம்தான் பேத்தியின் கையும். திருப்பிப்போடுகிற வேலையே கிடையாது. பாதிக் கற்றல் அந்த ஒட்டி உட்கார்தலில் முடிந்துவிடுகிறது என்பேன் நான்.

இடது கைப் பழக்கமுள்ள பிள்ளைகளுக்குத் தையல் வராது என்று பல வீடுகளில் கைகழுவி விடுகிறார்கள். அது தவறு. அந்தப் பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைக்காமல் எதிரே உட்காரவையுங்கள். கண்ணாடியில் பார்ப்பதுபோல அப்படியே செய்யட்டும். நீங்கள் வலமிருந்து இடமாகத் தைத்தால் பிள்ளை இடமிருந்து வலமாகத் தைக்கும், சரியாக வரும். என் வகுப்பில் இப்படி இடம் மாற்றி உட்காரவைத்த பிள்ளைகள் எத்தனையோ பேர் அழகாகச் சங்கிலித் தையல் போட்டிருக்கிறார்கள். கேட்டுக்கொண்டிருக்கிற தையல் டீச்சர்கள் யாராவது இருந்தால் தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள்: இடது கைப் பிள்ளை எதிரே.

அப்புறம் நூல். நூல் கோப்பதும் முடிச்சுப் போடுவதும்தான் எந்த வீட்டிலும் முதல் பாடம். அதிலும் பேத்திக்குக் கிடைக்கிற முதல் வேலை, கண் மங்கிய ஆச்சிக்கு ஊசியில் நூல் கோத்துக் கொடுப்பது. ஆச்சி முழத்துக்கு மேல் நூல் எடுக்க விடமாட்டாள். நீளமாக எடுத்தால் ஒவ்வொரு முறை இழுக்கும்போதும் நூல் துணியில் உரசி உரசி நைந்துபோகும், பாதியில் சிக்கும். கோத்து முடித்ததும் நூல் நுனியை ஆள்காட்டி விரலில் ஒரு சுற்றுச் சுற்றி, கட்டைவிரலால் உருட்டித் தள்ளி, நடுவிரலால் பிடித்து இழுத்தால் முடிச்சு விழும். இதை நான் இப்போது சொன்னதைக் கேட்டு யாருக்கும் முடிச்சு வரப்போவதில்லை, எனக்கே தெரியும். ஆனால் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த பிள்ளைக்கு இரண்டு நாளில் வந்துவிடும். பேசியே தொழில் செய்கிற வானொலியில் இதைச் சொல்கிறேன், பரவாயில்லை, சொல்ல வேண்டிய விஷயம்தான்.

இன்னொன்று, பிரிப்பது. என் ஆச்சி நான் தைத்ததை வாங்கியதும் முதலில் திருப்பிப் பின்பக்கம்தான் பார்ப்பாள். நூல் தாவியிருந்தால், முடிச்சு துருத்திக்கொண்டிருந்தால் ஒரே சொல்தான். "ஏளா, பிரி." கோபம் எல்லாம் இருக்காது. பிரிப்பதையும் அவளேதான் கற்றுக்கொடுத்தாள். ஊசியின் கூரான முனையை நுழைக்காமல், கண் இருக்கிற மழுங்கிய முனையை நூலுக்கு அடியில் கொடுத்துத் தூக்க வேண்டும், அப்போதுதான் துணியின் இழை அறாது. பிரித்த இடத்தில் வரிசையாக ஊசித் துளைகள் தெரியும். விரலை நனைத்து நகத்தால் மெல்ல நாலா பக்கமும் தேய்த்துவிட்டால், பருத்தித் துணியாக இருந்தால், இழைகள் நகர்ந்து துளை மூடிக்கொள்ளும். மறுபடி அதே துணியில் அதே இடத்தில் தைக்க வேண்டும், புதுத் துணி கிடைக்காது. தையலை விட இந்தப் பிரிப்புதான் ஒரு குடும்பத்தின் கை எப்படிப்பட்டது என்பதைத் தீர்மானிக்கிறது என்று நினைக்கிறேன். எது போதும், எது போதாது என்கிற அளவுகோல் வீட்டுக்கு வீடு வேறு. அதைத்தான் ஆச்சி பேத்திக்குக் கொடுக்கிறாள். தையல் வகைகளின் பெயர்களை எந்தப் புத்தகத்திலும் படித்துக்கொள்ளலாம்.

சரி, இப்போது எனக்கு மிகவும் பிடித்த ஒரு தாய், மகள் கதைக்கு வருகிறேன். தென்மாவட்டத்துக்காரர்கள் சிலருக்குத் தெரிந்திருக்கும்.

1819-இல் நாகர்கோவிலுக்குச் சார்லஸ் மால்ட் என்ற லண்டன் மிஷன் பாதிரியார் வந்தார், கூடவே அவர் மனைவி மார்த்தா மால்ட். அப்போது நாகர்கோவில் திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. மார்த்தா அங்கே பெண் பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளியை நடத்தினார். 1820களின் தொடக்கத்திலேயே அந்தப் பிள்ளைகளுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். கடையில் கெஜக்கணக்கில் வாங்குகிற மெஷின் லேஸை நினைத்துக்கொள்ளாதீர்கள். இது தலையணை லேஸ். திண்டு மாதிரி ஒரு தலையணை, அதன்மேல் துளை குத்திய அட்டை, துளைகளில் குண்டூசி, நூல் சுற்றிய மரக்கட்டைகள் ஜோடி ஜோடியாகத் தொங்கும். எப்படிப் பின்னுவது என்று படம் போட்டுக் காட்டினால்தான் விளங்கும், அதை விட்டுவிடுவோம். கையசைவு இரண்டே இரண்டுதான், நூலைக் குறுக்கே போடுவது, முறுக்குவது. அந்த இரண்டை வைத்து இலை, பூ, கொடி என்று எல்லாம் வரும். பழகிய கை வேலை செய்யும்போது அந்தக் கட்டைகள் ஒன்றோடொன்று இடித்து ஓயாமல் சத்தம் வந்துகொண்டே இருக்கும்.

அந்தக் காலத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். திருவிதாங்கூரில் அடிமை முறை 1855-இல்தான் முழுமையாக ஒழிக்கப்பட்டது. அதற்கு முன்பே லேஸ் விற்ற பணத்தில் தங்கள் விடுதலையை வாங்கிக்கொண்ட பெண்கள் இருந்திருக்கிறார்கள். இன்னொரு பக்கம் தோள்சீலைப் போராட்டம். தாழ்த்தி வைக்கப்பட்ட சாதிப் பெண்கள் மேலே துணி போடக்கூடாது என்று ஆதிக்க சாதியினர் அடித்தார்கள், கிழித்தார்கள். 1859-இல் மன்னரின் அறிவிப்பு வரும்வரை அந்தப் பிரச்சினை ஓயவில்லை. அந்தப் போராட்டத்தின் நடுவில் இருந்தது குப்பாயம் என்கிற தைத்த மேல்சட்டை. ஒரு ரவிக்கை தைக்கத் தெரிவது என்பது அந்த ஊரில் அந்த நாளில் எவ்வளவு பெரிய விஷயம்! தையல் என்றால் பொழுதுபோக்கு என்று யாராவது சொன்னால் எனக்கு உடனே இதுதான் ஞாபகம் வரும்.

மால்ட் தம்பதியின் மகள் எலைசா. நாகர்கோவிலில் வளர்ந்த பெண், தமிழ் நம் வீட்டுப் பெண்களைப் போலவே பேசுவார். 1844-இல் அவருக்குக் கல்யாணம் ஆகிறது. மாப்பிள்ளை யார் தெரியுமா? ராபர்ட் கால்டுவெல். ஆமாம், மொழி ஆராய்ச்சிக்காக நாம் கொண்டாடுகிற அதே கால்டுவெல். அவர் இருந்த ஊர் இடையன்குடி, திருநெல்வேலிச் சீமையின் தெற்குக் கோடி, செம்மணல் தேரியும் பனையுமான இடம். எலைசா அந்த ஊருக்குப் புகுந்த வீட்டுக்கு வருவதுபோல வந்தார், அம்மாவிடம் கற்ற லேஸையும் கூடவே கொண்டுவந்தார். பெண் பிள்ளைகளுக்குப் பள்ளி, அதோடு லேஸ் வேலை. நாகர்கோவிலில் இருந்தது சமஸ்தான எல்லையைத் தாண்டி இடையன்குடிக்குப் போனது இப்படித்தான். வணிகர் கொண்டுபோகவில்லை, அரசாங்க உத்தரவில் போகவில்லை, ஒரு பெண் கல்யாணமாகிப் போனாள், கையில் இருந்தது கூடவே போனது.

அங்கிருந்து மேலே நடந்ததும் அதேதான். இடையன்குடியில் கற்ற பெண் பக்கத்து ஊருக்குக் கல்யாணமாகிப் போகிறாள், தலையணையும் கட்டைகளும் சீரோடு போகின்றன, அங்கே நாத்தனார் பார்க்கிறாள், பிறகு மகள் பார்க்கிறாள். கன்னியாகுமரி மாவட்டத்திலேயே முளகுமூட்டுக்கு இன்னொரு வழியில் இந்தக் கலை வந்தது. 1897-இல் பெல்ஜியத்திலிருந்து வந்த மேரி லூயிஸ் டி மேஸ்டர் அம்மையாரும் அவர் தொடங்கிய சபையின் கன்னியர்களும் கற்றுக்கொடுத்தார்கள். மடத்தில் ஆரம்பித்தது கொஞ்ச காலத்தில் வீடுகளுக்குள் புகுந்துவிட்டது. கால்டுவெல்லுக்குச் சென்னை மெரினாவில் சிலை இருக்கிறது. இந்த அம்மாவும் மகளும் எத்தனை குடும்பங்களின் கைகளுக்கு வேலை கொடுத்தார்கள் என்பதைப் பள்ளிக்கூடத்தில் ஒரு பத்தி சொல்லிக்கொடுத்தால் என்ன? பல இடங்களில் கேட்டுவிட்டேன், இங்கேயும் கேட்கிறேன்.

இனி மெஷின். உஷாவோ சிங்கரோ, பெண்ணுக்குச் சீரில் தையல் மெஷின் வைப்பது நம் வீடுகளில் ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. அரசாங்கமும் சத்தியவாணி முத்து அம்மையார் பெயரில் இலவசத் தையல் இயந்திரம் கொடுக்கிறது. பள்ளிப் பிள்ளைகளின் இலவசச் சீருடையை மகளிர் தையல் கூட்டுறவு சங்கங்களில் பெண்கள் தைக்கிறார்கள், எத்தனையோ வீடுகளில் பிள்ளையின் படிப்புச் செலவு அந்தப் பெடலில்தான் ஓடுகிறது. மெஷினிலும் வீட்டுப் பாடம் வேறு மாதிரிதான். முதலில் நூல் போடாமல், கோடு போட்ட நோட்டுத் தாளில் கோட்டின் மேலேயே ஊசியை ஓட்டிப் பழகச் சொல்வார்கள். சக்கரம் பின்னால் சுற்றாமல் காலை நிறுத்துவதுதான் கஷ்டம். பின்னால் சுற்றினால் நூல் அறுந்துவிடும். காகிதத்தில் துளைகள் கோட்டிலேயே நேராக விழுந்தால்தான் துணி கைக்கு வரும்.

ஆனால் மெஷின் வந்த பிறகுதான் தாயிடமிருந்து மகளுக்கு வந்த இந்தச் சங்கிலி அறுந்ததையும் பார்க்கிறேன். காரணம் மெஷின் இல்லை. நான் பழகிய எத்தனையோ அம்மாக்கள், கூலிக்குத் தைத்துத் தைத்துக் கழுத்தும் இடுப்பும் போனவர்கள், மகளைப் பார்த்து, "நீ இந்தப் பெடலை மிதிக்கக் கூடாது, போய்ப் படி" என்று சொல்லியிருக்கிறார்கள். லேஸ் பின்னிய பெண்களும் அப்படியே, ஒரு முழம் பின்ன நாள் கணக்கில் ஆகும், கிடைக்கிற கூலி கைச்செலவுக்குக் காணாது. அப்படிச் சொன்ன தாயைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. கலை அழிகிறதே என்று மேடையில் வருத்தப்படுகிறவர்கள் அதற்கு என்ன விலை கொடுத்து வாங்கினார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். கைவேலைப்பாடு செய்த மேஜைவிரிப்பு விலை அதிகம் என்று பேரம் பேசிவிட்டு, பாரம்பரியம் போச்சே என்றால் எப்படி?

ஒரு தலைமுறை விட்டுப்போனாலும் அடுத்தது பிடித்துக்கொள்வதும் உண்டு. அம்மா வேலைக்குப் போய்விடுகிறாள், பேத்தி லீவுக்கு ஆச்சி வீட்டில் இருக்கிறாள், அங்கே பீரோவில் மேல்தட்டில் செய்தித்தாளில் வெட்டிய ஜாக்கெட் பேப்பர் கட்டிங் கட்டுக்கட்டாக இருக்கிறது, பென்சிலில் "சின்னவ கை", "பெரியவ கழுத்து" என்று எழுதியது. பேத்தி அதை எடுத்து விரித்து, இது என்ன ஆச்சி என்று கேட்கிறாள். ஆரி வேலை, அதாவது கொக்கி ஊசியால் போடுகிற பூவேலை, கற்கவென்று வகுப்புக்கு வருகிற இளம்பெண்களில் பலருக்கு ஆரம்பம் இப்படித்தான் இருந்திருக்கிறது.

நேரம் ஆகிவிட்டது என்று உள்ளே இருந்து கை காட்டுகிறார்கள். நீலகிரித் தோடர்களைப் பற்றி விரிவாகப் பேச வைத்திருந்தேன். சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தோடர் பெண்கள் வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்புமாகப் போடுகிற பூவேலைக்குத் துணிமேல் எதுவும் வரைந்துகொள்வதில்லை. இழைகளை எண்ணியே போடுகிறார்கள், பாட்டியும் அம்மாவும் எண்ணுவதைப் பார்த்தே பிள்ளைகள் பழகுகிறார்கள். 2013-இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அப்புறம், அப்பாவின் தையல் கடையில் காஜா, அதாவது பொத்தான் துளை, எடுக்க உட்கார்ந்து கட்டிங் மாஸ்டர் ஆன பையன்களைப் பற்றியும் சொல்ல வேண்டும், அது தனியாகவே ஒரு மணி நேரம் பேச வேண்டிய விஷயம்.

ஒரே ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் தைக்கிற பெரியவர்கள் இருந்தால், இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு கிழிந்த சட்டையை எடுத்துக்கொண்டு அவர்கள் பக்கத்தில் போய் உட்காருங்கள். போனில் படம் எடுப்பதாக இருந்தால் எதிரே நின்று எடுக்காமல், அவர்கள் தோளுக்கு மேலிருந்து எடுங்கள், கை சரியான பக்கம் தெரியும். அவர்கள் தைத்த துணி எதையாவது வைத்திருந்தால் ஓரத்தில் நூலாலேயே பெயரையும் வருஷத்தையும் போட்டுவிடுங்கள். நன்றி, வணக்கம்.