குட்டி நவூருவுக்கு ஆஸ்திரேலியா ஏன் இவ்ளோ காசு கொட்டுது?

வணக்கம் மக்களே! பசிபிக் கடல்ல நவூருன்னு ஒரு தீவு, மொத்தமே 21 சதுர கிலோமீட்டர், ஜனம் கிட்டத்தட்ட 12,000 பேர். சொந்த கரன்சி கூட கிடையாது, ஆஸ்திரேலிய டாலர்தான் ஓடுது. ஆனா ஐநா பொதுச்சபையில சீனாவுக்கும் ஒரு ஓட்டு, இவங்களுக்கும் ஒரு ஓட்டு, மேட்டரே அங்கதான் இருக்கு.

(திரையில்: தீவோட சாட்டிலைட் படம்)

நடுவுல மொட்டையா தெரியுதுல்ல, அதெல்லாம் பாஸ்பேட் தோண்டின இடம். ஆஸ்திரேலியா, பிரிட்டன், நியூசிலாந்து மூணு பேரும் சேர்ந்து பல வருஷம் அள்ளிட்டுப் போய் அவங்க வயலுக்கு உரமா போட்டாங்க, அதுவும் மார்க்கெட் விலைய விட கம்மிக்கு. 1968ல சுதந்திரம் வந்தப்புறம் அந்த காசு நவூரு கைக்கு வந்துச்சு, மெல்பர்ன்ல 52 மாடி பில்டிங்லாம் கட்டினாங்க, அப்புறம் அதையும் வித்தாங்க, அது தனிக் கதை. தோண்டின நிலத்துக்கு நஷ்ட ஈடு கேட்டு 1989ல சர்வதேச நீதிமன்றத்துல ஆஸ்திரேலியா மேலயே கேஸ் போட்டாங்க! 1993ல ஆஸ்திரேலியா 10.7 கோடி ஆஸ்திரேலிய டாலர் (இனி சொல்ற டாலரும் அதுதான்) தர்றேன்னு சமாதானத்துக்கு வந்துச்சு.

சரி, மண்ணு தீர்ந்துச்சு, இனி விக்கறதுக்கு என்ன இருக்கு? "நாங்க ஒரு நாடு"ங்கற அந்தஸ்துதான். தைவான் தன்னோட பகுதின்னு சீனா சொல்லுது, அதனால யார அங்கீகரிக்கறீங்கன்னு ரெண்டு பேரும் குட்டி நாடுகளுக்கு உதவி குடுத்து போட்டி போடுவாங்க. தைவான் பக்கம் இருந்தவங்க 2002ல சீனா பக்கம் போனாங்க, 2005ல திரும்ப தைவான், 2024 ஜனவரியில தைவான் எலெக்‌ஷன் முடிஞ்ச ரெண்டே நாள்ல மறுபடி சீனா.

ஆஸ்திரேலியா வாங்கினது வேற. படகுல வர்ற அகதிகள தன் மண்ணுல இறக்காம 2001லேர்ந்து நவூரு முகாமுக்கு அனுப்பிச்சு, நம்ம இலங்கைத் தமிழர்களும் அதுல மாட்டினாங்க. பணக்கார நாடு தன் தலைவலிய காசு குடுத்து இன்னொருத்தன் வீட்டுல இறக்கி வைக்கறது, என்னைக் கேட்டா அசிங்கம்தான்.

நவூரு சீனா பக்கம் சாஞ்சதும் ஆஸ்திரேலியா சும்மா இருக்குமா? 2024 டிசம்பர்ல ஒரு ஒப்பந்தம், அஞ்சு வருஷத்துக்கு பட்ஜெட்டுக்கு 10 கோடி டாலர், போலீஸுக்கு 4 கோடி, பேங்க் வசதியும் உண்டு. பதிலுக்கு பாதுகாப்பு, பேங்கிங், டெலிகாம்ல வேற நாட்ட உள்ள விடணும்னா ஆஸ்திரேலியா சம்மதிக்கணும். இத உதவின்னு சொல்றாங்க, எனக்கென்னவோ சீனாவுக்கு விக்காதேன்னு குடுக்கற அட்வான்ஸ் மாதிரிதான் தெரியுது. ஆனா நவூரு ஏமாந்துச்சுன்னும் சொல்ல முடியாது, 2025 ஆகஸ்ட்ல இன்னொரு டீல் போட்டாங்க, கோர்ட்டு தீர்ப்பால ஆஸ்திரேலியா காவல்ல இருந்து வெளிய விட வேண்டியிருந்த வெளிநாட்டு ஆளுங்கள ஏத்துக்கறதுக்கு, முதல் தவணையே 40.8 கோடி டாலர்.