ஒரு லீற்றர் மண்ணெண்ணெயும் ஒரு நாட்டின் வளர்ச்சியும்

நேயர்களுக்கு வணக்கம்.

வெங்காயத் தோட்டத்து இறைப்பு மிசினுக்கு ஊற்றும் மண்ணெண்ணெய் ஒரு லீற்றரின் நிறை ஏறக்குறைய 800 கிராம். அது எரிந்து வெளிவிடும் காபனீரொட்சைட்டோ 2.5 கிலோ. நிறை எப்படிக் கூடியது? எண்ணெயிலுள்ள ஒவ்வொரு 12 கிராம் காபனும் காற்றிலிருந்து 32 கிராம் ஒட்சிசனைச் சேர்த்துக்கொண்டுதான் போகிறது.

விளைச்சல் கூடினால் எண்ணெயும் கூடத்தான் வேண்டுமா? கிணற்றுக்குள் உறிஞ்சு குழாயின் அடியிலிருக்கும் புட்வால்வைப் பாசி அடைத்தாலும், உறிஞ்சு குழாயின் மூட்டு காற்று இழுத்தாலும், மிசின் எண்ணெயைக் குடித்துக்கொண்டே இருக்கும். வாய்க்காலில் தண்ணீர்தான் மெலியும். வால்வைக் கழுவி மூட்டை இறுக்கினால், அதே வெங்காயம் குறைந்த எண்ணெயில் விளையும்.

நாட்டுக் கணக்கும் இப்படித்தான். யோயிச்சி காயா என்ற ஜப்பானிய அறிஞர் ஒரு நாடு வெளிவிடும் காபனீரொட்சைட்டு எவ்வளவு என்று அறிய நான்கு எண்களைப் பெருக்கச் சொன்னார்: மக்கள்தொகை, தலைக்குரிய வருமானம், ஒரு ரூபா உற்பத்திக்குச் செலவாகும் சக்தி, ஒவ்வோர் அலகு சக்திக்கும் வெளியாகும் காபன். வருமானத்தைக் குறைத்தும் புகையைக் குறைக்கலாம். 2022இல் நமது இலங்கையின் பொருளாதாரம் 7 வீதத்துக்கு மேல் சுருங்கியபோது வாகனங்கள் எரிபொருள் வரிசையில் நின்றன. அப்படிக் குறைவதை நான் வெற்றியென்று எண்ணமாட்டேன். கை வைக்க வேண்டியது கடைசி இரண்டு எண்களில்.

பிரித்தானியா 1990க்குப் பின் வளர்ந்தபடியே தன் நாட்டுக்குள் எழும் புகையை ஏறத்தாழப் பாதியாக்கியது. நிலக்கரியைக் கைவிட்டது பெரிய காரணம்; கடைசி நிலக்கரி மின்நிலையம் 2024 செப்டெம்பரில் மூடப்பட்டது. ஆனால் அங்கே இறக்குமதியாகும் பொருட்களுக்காக வேறு நாடுகளில் எழும் புகை அந்தக் கணக்கில் இல்லை.

இங்கே மின்மோட்டருக்கு மாறினால் கிணற்றடியில் புகை இல்லை. ஆனாலும் மழை பொய்த்து நீர்மின் தரும் நீர்த்தேக்கங்கள் வற்றும் ஆண்டில், அந்த மின்சாரத்தில் நுரைச்சோலை நிலக்கரி மின்நிலையத்தின் பங்கு கூடிவிடும். சூரியத் தகடு இதற்கு நல்ல மாற்று. ஒரு பயம் மட்டும் எனக்குண்டு: செலவில்லாமல் ஓடும் மோட்டரை நிறுத்த மனம் வராது. நமது யாழ்ப்பாணத்து நன்னீர் சுண்ணாம்புக் கல்லுக்குள் உவர்நீரின் மேல் மிதக்கிறது. மிஞ்சி இறைத்தால் உவர் மேலேறும், தோட்டம் கருகும்.

அதனால் சூரிய மோட்டரோடு, குறித்த நேரத்தில் அதை நிறுத்தும் ரைமரையும் சொட்டுநீர்க் குழாயையும் சேர்த்தே பூட்டுங்கள். மானியம் கொடுப்பவர்களும் மூன்றையும் ஒன்றாகக் கொடுக்க வேண்டும். நமது தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம் என்பதால் சொட்டுத் துளைகள் அடைபடும். குழாய் முனைகளை அடிக்கடி திறந்து அலசிவிடுங்கள். படிவு இறுகிவிட்டால் மெல்லிய அமிலம் விட்டுத்தான் கரைக்க வேண்டிவரும்.