நிவாரண அரிசியைப் பாட்டி ஏன் வாங்க மறுத்தார்?

[காட்சி: கடலூர், தேவனாம்பட்டினம் கடற்கரை, விடியற்காலை. குரல் மட்டும்.]

வணக்கம். கூரை பறந்துபோன வீட்டில், மண்ணெண்ணெய் விளக்கின் துணையோடு நாட்களைக் கழித்துக்கொண்டிருந்த மூதாட்டி ஒருவர், வாசலுக்கே வந்த பத்துக் கிலோ அரிசிப் பையை வாங்க மறுத்தார். வீட்டில் அரிசி இருந்ததால் அன்று. பானை காலியாக இருந்ததை நானே பார்த்தேன். அந்தப் பையை நீட்டியவன் நான் என்பதால், அவர் சொன்ன காரணம் இன்றுவரை என்னை விட்டு அகலவில்லை.

2011 டிசம்பர் 30 அன்று ‘தானே’ புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. பண்ருட்டி வட்டாரத்துச் செம்மண் காட்டில், பாட்டன் நட்டுப் பேரன் காய் பறித்துவந்த பலா மரங்களும் முந்திரித் தோப்புகளும் வேரோடு சாய்ந்து கிடந்தன. நண்பர்கள் சிலரோடு சேர்ந்து நிவாரணப் பொருட்களை வீடு வீடாகக் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு கையில் பெயர்ப் பட்டியல், மறு கையில் பை. அன்று மாலைக்குள் இன்னும் நாற்பது வீடுகளை முடித்தாக வேண்டும்.

பாட்டி உள்ளே போய், விளிம்பு நசுங்கிய பித்தளைச் சொம்பு நிறையத் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார். மின்சாரம் இல்லாமல் மோட்டார்கள் எல்லாம் நின்றுபோயிருந்த ஊரில், தெருமுனைக் கைப்பம்பில் வரிசையில் நின்று பிடித்துவந்த தண்ணீர் அது. “வேண்டாம் பாட்டி, நேரமாகிறது” என்று சொல்லிவிட்டுப் பையை அவர் பக்கம் நகர்த்தினேன். அவர் பையைத் தொடவே இல்லை. சொம்பையும் கீழே வைக்கவில்லை.

“எங்க வூட்டுத் தண்ணி உனக்கு ஆவாதுன்னா, உன் அரிசி மட்டும் எனக்கு எப்படிப்பா ஆவும்?”

இந்தக் காணொளி முழுவதும் அந்த ஒரு கேள்வியைப் பற்றியதுதான். உதவுபவர், உதவி பெறுபவர் என்று இருவரைப் பிரித்துவிட்டால், ஒருவர் கை எப்போதும் மேலேயும் மற்றவர் கை எப்போதும் கீழேயும் இருந்துதான் ஆக வேண்டுமா?

[காட்சி: பழைய ஒலிப்பதிவுக் கருவி ஒன்றின் படம்.]

பின்னணியைச் சுருக்கமாகவே சொல்லிவிடுகிறேன்: இருபதாம் நூற்றாண்டில் உளவளத்துணை (கவுன்சலிங்), சமூகப்பணி ஆகியவை படித்துப் பட்டம் பெற்றுச் செய்யும் தொழில்களாக வளர்ந்தபோது, உதவுபவர் எவ்வளவு விலகி நிற்க வேண்டும் என்ற கேள்வியும் கூடவே வளர்ந்தது.

அந்தக் கேள்வி ஒரு மேடைக்கே வந்த நாள் 1957 ஏப்ரல் 18. அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில், தம்மை நாடி வருபவரை நிபந்தனையின்றி ஏற்பதே சிகிச்சையின் அடிப்படை என்று வாதிட்ட 55 வயது உளவியலாளர் கார்ல் ரோஜர்சும், ‘நான்–நீ’ என்னும் உறவைப் பற்றி 1923ஆம் ஆண்டிலேயே எழுதிப் புகழ்பெற்ற 79 வயதுத் தத்துவஞானி மார்ட்டின் பூபரும் பார்வையாளர்கள் முன்னிலையில் உரையாடினார்கள். என்னிடம் வருபவரும் நானும் உண்மையாகச் சந்தித்துக்கொள்ளும் தருணங்களில் நாங்கள் இருவரும் சமமானவர்களே என்ற பொருளில் ரோஜர்ஸ் பேசினார். மனித உறவைப் பற்றி அவ்வளவு சிந்தித்த பூபர் தலையாட்டியிருப்பார் என்றுதான் நாம் எதிர்பார்ப்போம். ஆனால் அவர் மறுத்தார். சிகிச்சைக்கு வருபவர் உங்களிடம் உதவி கேட்டு வருகிறார், நீங்கள் அவரிடம் அப்படிப் போகவில்லை. நீங்கள் அவர் நிலையிலிருந்தும் பார்க்க முடியும், அவரால் உங்கள் நிலையிலிருந்து பார்க்க முடியாது. இந்த ஏற்றத்தாழ்வை உங்கள் நல்லெண்ணத்தால் அழித்துவிட முடியாது என்பதே பூபரின் வாதத்தின் சாரம்.

இதைப் படித்த அன்று எனக்குப் பூபர் மேல் கோபம் வந்தது என்பதை ஒளிக்க விரும்பவில்லை. பிறகு பாட்டியை நினைத்துப் பார்த்தேன். தமக்கு அரிசி தேவையில்லை என்று அவர் ஒருபோதும் சொல்லவில்லை. என் கையில் பை இருந்தது, அவர் வீட்டில் கூரை இல்லை. அந்த வேறுபாடு அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அவர் ஏற்க மறுத்தது ஒன்றே ஒன்றைத்தான்: தேவை இருப்பதாலேயே, வந்தவருக்குத் தண்ணீர் கொடுக்கும் வீட்டுக்காரி என்ற தம் இடம் பறிபோய்விடும் என்பதை. நிலையைப் பற்றிப் பூபர் சொன்னது சரி, தருணத்தைப் பற்றி ரோஜர்ஸ் சொன்னதும் சரி என்று நான் நம்புவதற்கு அந்தச் சொம்புதான் காரணம்.

[காட்சி: திண்ணையில் ஒரு பித்தளைச் சொம்பு, அண்மையில்.]

இனி வருவதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. திருக்குறளில் 22ஆம் அதிகாரம் ஒப்புரவறிதல், அடுத்த 23ஆம் அதிகாரம் ஈகை. இரண்டும் கொடுப்பதைப் பற்றியவை என்றால், எதற்கு இரண்டு அதிகாரம்? ஒப்புரவு என்ற சொல்லுக்குள்ளேயே ‘ஒப்பு’ இருக்கிறது. “ஒத்த தறிவான் உயிர்வாழ்வான்” என்று தொடங்கும் 214ஆம் குறள், அதை அறியாதவனைச் செத்தவர்களோடு சேர்த்து வைக்கிறது. வள்ளுவர் இவ்வளவு கடுமையாகப் பேசும் இடங்கள் அதிகம் இல்லை.

ஆனால் அதே அதிகாரத்தின் முதல் குறள் “கைம்மாறு வேண்டா கடப்பாடு” என்கிறதே, மழைக்கு உலகம் என்ன திருப்பிச் செய்துவிடுகிறது என்று கேட்கிறதே என நீங்கள் மடக்கலாம். நானும் நெடுநாள் அந்தக் குறளைக் காட்டித்தான் தண்ணீரை மறுத்ததை எனக்குள் நியாயப்படுத்திக்கொண்டிருந்தேன். கைம்மாறு எதிர்பாராமல் இருப்பது வேறு, மனமுவந்து நீட்டுவதை வாங்க மறுப்பது வேறு என்பது மெதுவாகத்தான் புரிந்தது. முன்னது பெறுபவரின் தோளிலிருந்து சுமையை இறக்குகிறது. பின்னது அவர் கையில் கொடுப்பதற்கு ஒன்றுமே இல்லை என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிறது.

ஈகை அதிகாரத்தில் 224ஆம் குறள் இன்னும் நுட்பமானது: “இன்னாது இரக்கப் படுதல் இரந்தவர் இன்முகங் காணும் அளவு.” கேட்பவருக்கு மட்டுமன்று, கேட்கப்படுபவருக்கும் வேதனைதான்; கேட்டவரின் முகம் மலர்வதைக் காணும் வரையில் அது தீராது. கொடுப்பவரின் மனமும் அந்த உறவில் அசைகிறது என்பதை இரண்டே அடியில் சொல்லியாகிவிட்டது. அமெரிக்காவில் வெல்லெஸ்லி கல்லூரியைச் சேர்ந்த ஜீன் பேக்கர் மில்லர், ஜூடித் ஜோர்டன் முதலிய உளவியலாளர்கள், ஒருவரின் துயரம் தம்மைத் தொட்டதை உதவுபவர் காட்டவும், துயருற்றவர் அதைக் காணவும் வேண்டும், குணமாதலுக்கு அதுவே வழி என்று 1980களில் எழுதியதைப் படித்தபோது, இந்தக் குறளைத்தான் திரும்ப எடுத்துப் பார்த்தேன்.

1935இல் ஒஹாயோ மாநிலத்தின் ஆக்ரன் நகரில், குடியை விட்டுச் சில மாதங்களே ஆகியிருந்த பில் வில்சன், மீண்டும் குடித்துவிடுவோமோ என்ற அச்சத்தில் தேடிச் சென்றது தம்மைக் காப்பாற்றும் மருத்துவரை அன்று, குடியில் மூழ்கியிருந்த இன்னொருவரை. அவருக்கு உதவினால்தான் தாம் தப்ப முடியும் என்று கண்டார். மதுவிலிருந்து மீள்வோரின் உலகளாவிய கூட்டமைப்பு அந்தச் சந்திப்பிலிருந்து பிறந்தது.

நம் மாவட்டத்திலேயே, வடலூரில், 1867இல் வள்ளலார் தொடங்கிய தருமச்சாலையின் அடுப்பு இன்றும் அணையாமல் எரிகிறது; பசித்தவருக்குச் சோறிடுவதை அவர் ஆன்மநேய ஒருமைப்பாட்டு உரிமை, அதாவது எல்லா உயிரும் ஒரே குடும்பம் என்னும் உறவின் மேல் வைத்தார்.

ஓர் எச்சரிக்கையையும் சொல்லியாக வேண்டும். உளவளத்துணையாளரோ செவிலியரோ ஆசிரியரோ தம் சொந்தக் கவலைகளை எல்லாம் தம்மிடம் வந்தவர் தலையில் இறக்கிவைப்பது பரஸ்பர உறவு ஆகாது. பொறுப்பின் பாரம் கடைசி வரை உதவுபவரிடம்தான் இருக்க வேண்டும். பூபரை நான் மன்னித்தது இந்த இடத்தில்தான். “நீங்கள் சொன்னதைக் கேட்டு எனக்கும் மனம் கனத்துவிட்டது” என்று உண்மையாக ஒரு வார்த்தை சொல்வதும், ஒரு டம்ளர் தண்ணீரை வாங்கிக் குடிப்பதும் அந்த எல்லையை மீறுவன அல்ல.

[காட்சி: கைப்பம்பு. தண்ணீர் விழும் ஓசை.]

2015 வெள்ளத்தின்போதும் அதற்குப் பின் வந்த புயல்களின்போதும் கடலூரிலும் புதுச்சேரியிலும் தெருத்தெருவாகப் பொட்டலம் சுமந்தவர்கள் இதைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். யாருக்கு என்ன கொடுத்தீர்கள் என்று நான் கேட்கவில்லை; அந்த வீடுகளிலிருந்து உங்களுக்கு என்ன கிடைத்தது என்பதைக் கீழே எழுதுங்கள், ஒவ்வொன்றையும் படிப்பேன். எனக்குக் கிடைத்தது, இரும்பு வாடை கலந்த கைப்பம்புத் தண்ணீர். முழுச் சொம்பையும் குடித்து முடிக்கும் வரை பாட்டி பார்த்துக்கொண்டே நின்றார், பிறகு சொம்பை வாங்கித் திண்ணையில் கவிழ்த்துவிட்டு, “சோறு துன்னியா?” என்று கேட்டுக்கொண்டே அரிசிப் பைக்குக் கையை நீட்டினார்.