சின்ன டெப் வாங்கும் முன் கடையிலேயே ஒரு தமிழ்ப் பக்கத்தைத் திறந்து பாருங்கள்

வணக்கம் உறவுகளே. வெள்ளவத்தையிலிருந்து பேசுகிறேன்.

அதிகம் செலவழிக்காமல் ஒரு சின்ன டெப், அதாவது டேப்லெட் கணினி, வாங்கலாமா என்று நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். சிலர் சாதாரண தரப் பரீட்சை எழுதப்போகும் பிள்ளைக்கு, சிலர் பத்திரிகை படிக்கச் சிரமப்படும் அம்மாவுக்கு. என் பதில், வாங்கலாம். ஆனால் கடையில் காட்டும் வீடியோவைப் பார்த்துவிட்டு வாங்காதீர்கள். ஒரு தமிழ்ப் பாடப்புத்தகப் பக்கத்தைத் திறந்து பார்த்துவிட்டு வாங்குங்கள். ஏன் என்று இன்று காட்டுகிறேன்.

கையில் இருப்பது சாம்சங் கலக்ஸி டெப் ஏ9. 2023 ஒக்டோபரில் வெளிவந்தது. இதே பெயரோடு பிளஸ் என்று ஒன்று இருக்கிறது. அது 11 அங்குலம், வேறு கருவி. இது 8.7 அங்குலம். எடை 332 கிராம். பாருங்கள், ஒரு கையால் இப்படிப் பிடிக்க முடிகிறது. காலி வீதியில் 100ஆம் இலக்க பஸ்ஸில் இருக்கை கிடைக்காமல் நின்றுகொண்டு போகிறவருக்கு இது பெரிய விஷயம். 11 அங்குல டெப்பை அந்த நெரிசலில் வெளியே எடுக்கவே மனம் வராது.

முதலில் திரை. இன்று அதிக நேரம் இதைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

திரையில் நீளவாக்கில் 1340, அகலவாக்கில் 800 பிக்சல்கள், அதாவது படத்தை உருவாக்கும் ஒளிப்புள்ளிகள். அங்குலத்துக்கு ஏறத்தாழ 179. ஐபேட் மினியில் இது 326. அதன் விலைக்கு இதுபோல் சிலவற்றை வாங்கிவிடலாம் என்பது உண்மைதான். அதனால் அதையும் இதையும் ஒரே தராசில் வைக்கவில்லை. 179 என்றால் கண்ணுக்கு எப்படித் தெரியும் என்பதற்காகத்தான் சொல்கிறேன்.

வீடியோ பார்க்கும்போது இந்தக் குறை தெரியாது. 720 தரத்தில் ஓடும் வீடியோ 1280க்கு 720 பிக்சல். இந்தத் திரைக்கு அது கிட்டத்தட்டச் சட்டை அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்திவிடுகிறது. இதில் உங்களுக்கு ஓர் இலாபமும் உண்டு. இந்தத் திரையில் 1080 தரத்தில் பார்த்தாலும் பெரிதாக எதுவும் கூடுதலாகத் தெரியப்போவதில்லை. 720இல் நிறுத்தி வைத்தால் டேட்டா மிச்சம். பிள்ளைகள் பார்க்கும் பாட வீடியோக்களுக்கும் ஸூம் வகுப்புகளுக்கும் இது தாராளமாகப் போதும். கடைக்காரர்கள் வண்ண வண்ணமான வீடியோவை ஓடவிட்டுக் காட்டும்போது திரை அழகாகத் தெரிவதற்குக் காரணமும் இதுதான்.

இப்போது தரம் 11 கணித பாடப்புத்தகத்தைத் திறக்கிறேன். கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் தமிழ்மொழிப் பாடப்புத்தகங்கள் பீடிஎப் ஆக இலவசமாகக் கிடைக்கின்றன. பெற்றோர் கட்டாயம் தெரிந்து வைத்திருக்க வேண்டும். கமராவுக்கு அருகில் கொண்டுவருகிறேன். டெப்பை நிமிர்த்திப் பிடித்திருக்கிறேன், முழுப் பக்கமும் தெரிகிறது. 'ணி', 'ஞ', 'லை' இவற்றின் சுழிகளைப் பாருங்கள். உள்ளே இருக்க வேண்டிய வெள்ளை இடம் சாம்பல் நிறமாகிவிட்டது. மெய்யெழுத்தின் புள்ளி எழுத்தின் தலையோடு ஒட்டிக்கொள்கிறது. தமிழை ஓட்டமாகப் படிக்கும் நாம் அதை ஊகித்துப் படித்துவிடுவோம். ஆனால் இங்கே பாருங்கள், இந்த அடுக்குக்குறி 2 ஆ, 3 ஆ? கணக்கில் ஊகத்துக்கு இடமில்லையே.

அளந்து பார்த்தால் காரணம் விளங்கும். நிமிர்த்திப் பிடித்தால் இந்தத் திரையின் அகலம் ஏறத்தாழ 113 மில்லிமீற்றர். ஒரு ஏ4 தாளின் அகலம் 210 மில்லிமீற்றர். கடந்தகால வினாத்தாளோ ஆசிரியர் அனுப்பும் குறிப்போ ஏ4 அளவில்தான் இருக்கும். அது பாதியளவுக்குச் சுருங்கித்தான் இந்தத் திரைக்குள் வருகிறது. தாளில் 12 புள்ளி (பொயின்ட் என்ற எழுத்தளவு) அளவில் அச்சாகும் எழுத்து இங்கே ஆறரைப் புள்ளிக்கு வந்துவிடுகிறது. மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் துண்டுத்தாளில் அந்த அளவு எழுத்தைப் பார்த்திருப்பீர்கள். அச்சில் அந்தச் சின்ன எழுத்தும் கூர்மையாக இருக்கும். அங்குலத்துக்கு 179 பிக்சலில் அந்தக் கூர்மை வராது.

இப்போது பக்கவாட்டில் திருப்புகிறேன். அகலம் 190 மில்லிமீற்றராகிவிட்டது. அதே எழுத்து கிட்டத்தட்ட 11 புள்ளி. வித்தியாசத்தைப் பார்த்தீர்களா? புள்ளி தனியாக நிற்கிறது, சுழி திறந்துவிட்டது, அடுக்கில் இருப்பது 3 என்று சந்தேகமில்லாமல் தெரிகிறது. பக்கத்தில் ஐந்தில் இரண்டு பங்குதான் ஒரு நேரத்தில் தெரியும், தள்ளித் தள்ளிப் படிக்க வேண்டும். கேத்திர கணிதத்தில் படம் மேலேயும் வினா கீழேயும் இருந்தால் மேலும் கீழும் போய்வர வேண்டும், அது சிரமம்தான். மற்றப்படி, இப்படிப் படுக்கவைத்துப் படிப்பதென்றால் இந்தத் திரை படிப்புக்கு உதவும். நிமிர்த்தித்தான் படிப்பேன் என்கிறவர்கள் ஓரங்களில் உள்ள வெள்ளை இடம் திரைக்கு வெளியே போகும்படி பக்கத்தைப் பெரிதாக்கிக்கொள்ளுங்கள். எழுத்து எட்டரைப் புள்ளிக்கு வரும். இளம் கண்களுக்கு அது போதும்.

இன்னொரு நல்ல செய்தி, வாசகர்களுக்கு. நாவல் அளவுப் புத்தகங்களின் பக்கம் ஏ4 ஐவிட மிகச் சிறியது. நூலகம் இணையத்தளத்தில் 2005 முதல் சேர்ந்துவரும் ஈழத்துப் புத்தகங்களில் அந்த அளவிலுள்ளவற்றை இதில் நிமிர்த்திப் பிடித்தே படிக்கலாம். அவை வருடிப் படமாக்கியவை, எழுத்தை மட்டும் பெரிதாக்க முடியாது. ஆனாலும் பக்கம் சிறியதென்பதால் அதிகம் சுருங்குவதில்லை. பழைய சிறுகதைத் தொகுதி ஒன்றை இதில் திறந்து சாய்ந்து உட்கார்ந்தால் எனக்கு நேரம் போவதே தெரிவதில்லை. அம்மா அப்பா படிக்கும் செய்தித் தளங்களிலும் பிரச்சினை இல்லை, அங்கே எழுத்தை வேண்டிய அளவுக்குப் பெரிதாக்கலாம், வரிகள் தாமாக மடிந்துகொள்ளும்.

சற்றுப் பொறுங்கள், ரயில் போகிறது. கரையோரப் பாதைக்கு அருகில் இருக்கிறவர்களுக்கு இது பழகிப்போன விஷயம். சரி, இந்தச் சத்தத்திலேயே ஒலியையும் பார்த்துவிடுவோம். ஸ்பீக்கர் இரண்டு இருக்கிறது. பாட வீடியோவில் ஆசிரியர் பேசுவது ரயிலையும் தாண்டிக் கேட்கிறது, பார்த்தீர்களா? பாட்டுக் கேட்க விரும்புகிறவர் ஹெட்போன் போட்டுக்கொள்ளுங்கள். நல்லவேளை, 3.5 மில்லிமீற்றர் துளையை விட்டுவைத்திருக்கிறார்கள். புறக்கோட்டையில் மலிவாக வாங்கும் சாதாரண ஹெட்போனே போதும்.

அடுத்து, உள்ளே இருப்பது. இந்த விலை வட்டத்தில் நான் மனதாரப் பாராட்டும் பகுதி இதுதான். மீடியாடெக் ஹீலியோ ஜி99 சிப். இதில் உள்ள எட்டுக் கருக்களில், அதாவது கணக்கிடும் பகுதிகளில், இரண்டு, கோர்டெக்ஸ் ஏ76 என்ற பலமான வகை. இதற்கு முன் 2021இல் இதே 8.7 அங்குலத்தில் டெப் ஏ7 லைட் வந்தது. அதில் எட்டும் ஏ53 என்ற பழைய, மெதுவான வகை. கனமான பீடிஎப் ஒன்றைத் திறந்து வேகமாகத் தள்ளும்போது அந்த வித்தியாசம் தெரியும்.

இங்கேதான் கவனம் வேண்டும். ஏ7 லைட்டும் ஏ9 உம் ஒரே அளவு, திரையின் பிக்சல் எண்ணிக்கையும் ஒன்று. கண்ணாடிப் பெட்டிக்குள் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். பாவித்த பொருள் வாங்கினால் கட்டாயம் மொடல் இலக்கத்தைப் பாருங்கள். செட்டிங்ஸில் இருக்கும். எஸ்எம்-எக்ஸ்110 என்றால் வைபை மட்டும் உள்ள ஏ9, எக்ஸ்115 என்றால் சிம் போடும் ஏ9. டி220, டி225 என்றிருந்தால் அது ஏ7 லைட். ஏ9 விலைக்கு அதை வாங்கிவிடாதீர்கள்.

நினைவகத்தில் 4 ஜிபி, 8 ஜிபி என்று இரண்டு வகை உண்டு. பாட்டி யூடியூப் பார்க்க 4 போதும். ஸூம் வகுப்பு ஒருபக்கம், வினாத்தாள் ஒருபக்கம், இடையில் வட்ஸ்அப் குழு என்று மாறி மாறிப் போகும் பிள்ளைக்கு 4 பற்றாது. அந்த வகைக்கு 64 ஜிபி சேமிப்புத்தான். அதிலும் ஒரு பங்கை மென்பொருளே எடுத்துக்கொள்கிறது. மெமரி கார்ட் போடலாம் என்பது ஆறுதல். புத்தகங்களையும் வீடியோக்களையும் கார்ட்டுக்கு மாற்றிவிடுங்கள். கையில் கொஞ்சம் கூடுதலாகப் பணம் இருந்தால் அதை அலங்கார உறைக்குச் செலவழிக்காமல் 8 ஜிபி வகைக்குச் செலவழியுங்கள் என்பேன்.

பற்றரி 5100 மில்லி அம்பியர் மணி. பகல் முழுவதும் படிப்பும் வீடியோவுமாகக் கலந்து பாவிக்கலாம். ஏற்றுவதுதான் மெதுவு, அதிகபட்சம் 15 வாட். அவசரத்துக்கு அரைமணி நேரம் போட்டு எடுக்கும் பழக்கம் இதற்குச் சரிவராது. இரவே போட்டுவிட வேண்டும்.

கமரா பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. பின்னால் 8 மெகாபிக்சல். நண்பனின் கொப்பியை வெளிச்சத்தில் வைத்துப் படமெடுக்கலாம். முன்னால் 2 மெகாபிக்சல். வகுப்பில் ஆசிரியருக்கு முகம் தெரியும், வேலைக்கான நேர்முகத்துக்கு இதை வைத்து உட்கார வேண்டாம். கைரேகை உணரி இல்லை. சாம்சங்கின் எழுதுகோலான எஸ் பென் வேலை செய்யாது. படத்தின்மேல் எழுதிக் கணக்குச் செய்ய ஆசைப்படுகிறவர்கள் இதை விட்டுவிடுங்கள், வேறு கருவி பார்க்க வேண்டும்.

சிம் உள்ளதா, வைபை மட்டுமா? வீட்டில் வைபை இருந்து, வெளியே போன் ஹொட்ஸ்பொட் கொடுக்க முடிந்தால் வைபை வகையே போதும். பிள்ளை தனியாக வகுப்புக்குப் போய்வருகிறது, கையில் போன் இல்லை என்றால் சிம் வகையை எடுங்கள். அப்படி எடுத்தால் பணம் கொடுக்கும் முன் பெட்டியில் உள்ள, கருவிக்கே உரிய 15 இலக்க ஐஎம்இஐ அடையாள எண்ணைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் 1909 எண்ணுக்குக் குறுஞ்செய்தியாக அனுப்பிச் சரிபாருங்கள். முதலில் ஐஎம்இஐ என்று ஆங்கில எழுத்தில் அடித்து, ஓர் இடைவெளி விட்டு, எண்ணை அடிக்க வேண்டும். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும், உங்கள் காசு.

விலையை இந்த வீடியோவில் சொல்லவில்லை. முதலாம் குறுக்குத் தெருவில் ஒன்று, பம்பலப்பிட்டியில் ஒன்று, அடுத்த வாரம் வேறொன்று. 2024 ஜனவரி முதல் பெறுமதி சேர் வரி 18 வீதம் என்பதால், ஒரு கடையில் மட்டும் விலை வியக்கும்படி குறைவாக இருந்தால் பற்றுச்சீட்டு தருவார்களா, உத்தரவாதம் யாருடையது என்று கேளுங்கள். கடை தரும் உத்தரவாதம் வேறு, நிறுவனத்தின் உள்ளூர் முகவர் தருவது வேறு. செட்டிங்ஸில் கடைசியாகப் பாதுகாப்புப் புதுப்பிப்பு வந்த திகதியையும் பாருங்கள். இது 2023இல் வந்த கருவி, வங்கிச் செயலி போடுகிறவர்களுக்கு அந்தத் திகதி முக்கியம்.

கடைக்குப் போகும்போது உங்கள் போனில் ஒரு வினாத்தாளை இறக்கி வைத்துக்கொண்டு போங்கள். அதை டெப்புக்கு அனுப்பி, நிமிர்த்தி ஒருமுறை, திருப்பி ஒருமுறை, யாருக்கு வாங்குகிறீர்களோ அவரையே படிக்கச் சொல்லுங்கள். வேறு டெப் எதிலாவது இப்படிப் பார்த்திருந்தால், எழுத்து எப்படித் தெரிந்தது, விலை என்ன என்று கீழே எழுதுங்கள். அடுத்த வீடியோவுக்கு அவற்றிலிருந்தே ஒன்றை எடுக்கிறேன். வணக்கம்.